உஸ்ஸென்று காற்றுப் போகிற நெயில் கன்னுக்கு ரிங் மாற்றுவது

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு வீட்டுச் சமையலறை அலமாரிக்குப் பின்பலகை அடித்துக்கொண்டிருந்தோம். பாதி வேலையில் என்னோடு இருக்கிற தம்பி, கம்ப்ரசர் காற்றில் ஆணி அடிக்கிற நெயில் கன்னைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, கம்ப்ரசர் ஓடிக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது" என்றான். 25 லிட்டர் டாங்க் அது. நிரம்பியதும் தானே நின்றுவிடும், கன்னை யாரும் தொடாவிட்டால் நாங்கள் டீ குடித்துவிட்டு வரும்வரை மறுபடி ஓடாது. அன்று நின்ற இரண்டாவது நிமிடமே உறுமியது. கன்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் ட்ரிகரைத் தொடாமலே மேல்மூடியில் இருக்கிற காற்று வெளியேறும் வாய் வழியாக உஸ்ஸென்று மெல்லிய சத்தம், புறங்கையைக் காட்டினால் குளிர்ச்சியாகத் தெரிகிற அளவுக்கு. அடித்த பின்களை (மெல்லிய ஆணிகள்) தடவிப் பார்த்தேன். முதல் வரிசையில் தலை பலகைக்குள் இறங்கியிருந்தது, மூன்றாவது வரிசையில் ஒவ்வொன்றும் அரை மில்லி வெளியே நின்றது. தம்பி ஒன்றும் சொல்லாமல் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கிக்கொண்டே வந்திருக்கிறான்.

எங்கள் தச்சுப் பட்டறை சென்னையில் அம்பத்தூர் பக்கம். கன் எஃப்30 வகை, 18 கேஜ் பின் போடுவது, 10 மி.மீ. முதல் 30 மி.மீ. வரை. பீடிங், பின்பலகை, போட்டோ ஃப்ரேம் எல்லாவற்றுக்கும் இதுதான் கை. ஆறு வருஷமாக உழைக்கிறது. பக்கத்துப் பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "இதப் போய் யாராவது பிரிச்சு உக்காருவாங்களா, புதுசு வாங்கிடுங்க" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஒரு நாள் வேலை நின்றால் அது புதுக் கன் விலையைவிட அதிகம் என்பதும் உண்மைதான். ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. அலுமினிய உடம்பு அப்படியே இருக்கிறது, சிலிண்டரில் ஒரு கீறல் கிடையாது, பிளேடு முனை மழுங்கவில்லை. போயிருப்பது ஐந்து ரூபாய், பத்து ரூபாய் ரப்பர் வளையம். பழைய இரும்புக் கடையில் இப்படிக் குவிந்து கிடந்த கன்களில் இரண்டை ஒரு முறை எடை போட்டு வாங்கி வந்து பிரித்தேன், இரண்டிலும் ரிங்கைத் தவிர வேறெதுவும் கெட்டிருக்கவில்லை. ஒன்று இன்னும் எங்களிடம் ஓடுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன், பட்டறை வைத்திருக்கிறவர்கள் ஒரு முறையாவது தங்கள் கன்னைத் தாங்களே திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.

திறப்பதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கம்ப்ரசரிலிருந்து வருகிற டியூபை மாட்டியதும் கன்னின் கைப்பிடி, உடம்பு, சிலிண்டரைச் சுற்றியிருக்கிற இடம் எல்லாம் காற்றால் நிரம்பிவிடுகிறது. அந்தக் காற்று பிஸ்டன் தலைக்கு மேல் போகாமல் தடுத்துக்கொண்டு சிலிண்டர் வாயில் ஒரு மூடி உட்கார்ந்திருக்கிறது, அதுதான் ஹெட் வால்வு. அந்த மூடிக்கு மேல்பக்கமும் காற்று இருக்கிறது, ஒரு ஸ்பிரிங்கும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் ட்ரிகரை அழுத்தினால் ட்ரிகர் வால்வு அந்த மேல்பக்கக் காற்றை மட்டும் வெளியே விட்டுவிடும். மேலே அழுத்தம் போனதும் கீழே இருக்கிற காற்று மூடியைத் தூக்கிவிட்டுச் சிலிண்டருக்குள் பாய்கிறது, பிஸ்டன் இறங்குகிறது, அதோடு சேர்ந்த பிளேடு பின்னை அடிக்கிறது. பிஸ்டன் கீழே போய் ரப்பர் பம்பரில் மோதி நிற்கும்.

சரி, அப்புறம் எப்படி மேலே வருகிறது? பலர் ஸ்பிரிங் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இந்த வகைக் கன்னில் பிஸ்டனுக்கு ஸ்பிரிங் இல்லை. சிலிண்டரின் கீழ்ப்பாகத்தில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவற்றின் மேல் வெளிப்பக்கமாக ஒரு ரப்பர் பட்டை. பிஸ்டன் அந்த ஓட்டைகளைத் தாண்டி இறங்கியதும் மேலே இருக்கிற அழுத்தக் காற்றில் கொஞ்சம் அந்தப் பட்டையை விரித்துக்கொண்டு வெளி அறைக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும், பட்டை மூடிக்கொள்வதால் வந்த வழியே திரும்ப முடியாது. ட்ரிகரை விட்டதும் ஹெட் வால்வு மூடுகிறது, பிஸ்டன் மேலிருந்த காற்று வெளியே போகிறது, அப்போது அந்த வெளி அறையில் சேமித்த காற்று பம்பருக்குப் பக்கத்து ஓட்டைகள் வழியாகப் பிஸ்டனுக்கு அடியில் போய் அதை மேலே தள்ளுகிறது. அடித்த காற்றிலேயே ஒரு பங்கைத் திரும்பி வருவதற்கு எடுத்து வைத்துக்கொள்கிற இந்த ஏற்பாட்டை முதல் முறை புரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இது தெரிந்தால் கசிவு எந்த இடத்தில் வருகிறது என்பதே எந்த ரிங் போச்சு என்று சொல்லிவிடும். ட்ரிகரைத் தொடாதபோதே காற்று வெளியேறும் வாயில் கசிந்தால் ஹெட் வால்வு ரிங். ட்ரிகர் பக்கத்தில் விரலில் காற்றுப் பட்டால் ட்ரிகர் வால்வின் குட்டி ரிங்குகள். அடிக்கிற சமயத்தில் மட்டும், பின் வெளியே வருகிற மூக்குப் பக்கம் காற்று அடித்தால் பம்பர் நொறுங்கியிருக்கும், அல்லது சிலிண்டர் அடியில் உள்ள ரிங். கசிவே இல்லாமல் அடி மட்டும் பலவீனமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம், ஆனால் அதற்கு முன்னால் கம்ப்ரசர் ரெகுலேட்டரில் காற்றழுத்தம் 90 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கிற அலகு) பக்கம் இருக்கிறதா, டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நன்றாக அடித்துவிட்டு மேலே ஏற மட்டும் தயங்கினால் அந்த ரப்பர் பட்டை, அல்லது எண்ணெய் இல்லாமல் காய்ந்து போனது. மூடியைச் சுற்றி வருகிற கசிவென்றால் பெரும்பாலும் போல்ட் இளகியிருக்கும், அடிக்கிற அதிர்ச்சியில் அவை தானாகவே கழன்று வரும், எல் கீ போட்டு இறுக்கினாலே போதும். சோப்பு நுரையை மூடி ஓரத்திலும் ட்ரிகர் பக்கத்திலும் தடவினால் குமிழ் எழும்பிக் காட்டிக் கொடுத்துவிடும். ஊதுபத்திப் புகையை வைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு, மரத்தூளும் தின்னரும் இருக்கிற பட்டறையில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்தச் சோதனைகளைச் செய்யும்போது பின் அடுக்குகிற மேகசினில் ஒரு பின்கூட இருக்கக் கூடாது. மூக்குப் பக்கத்தில் கசிவு பார்க்க ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், விரலை வைக்காதீர்கள். பிரிக்க உட்காரும்போது முதல் வேலை டியூபைக் கழற்றுவது, அடுத்தது கன்னை ஒரு மரத்துண்டின் மேல் வைத்து ட்ரிகரை இரண்டு முறை அழுத்தி உள்ளே மிச்சக் காற்று இல்லை என்று உறுதி செய்வது. எனக்குத் தெரிந்த ஒருவர் டியூபோடு ஜாம் எடுக்கப் போய்ப் பின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. இதில் மட்டும் அவசரமே வேண்டாம்.

எங்கள் கன்னுக்கு இரண்டு நோய். வாயில் கசிவும் இருந்தது, அடியும் பலவீனம். மேல்மூடியில் நான்கு போல்ட். ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல் நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இளக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மூடியைக் கோணலாகத் தள்ளிக்கொண்டு எகிறிவிடும், எகிறிய ஸ்பிரிங் மரத்தூளுக்குள் போனால் அரை நாள் தேட வேண்டியதுதான். நான் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் எடுக்க எடுக்க, எடுத்த வரிசையிலேயே, எடுத்த முகம் மேலே இருக்கிற மாதிரி இடமிருந்து வலமாக வைத்து, தம்பியை ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். ஹெட் வால்வு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பது மாட்டும்போது கண்டிப்பாக மறந்துபோகும்.

ஹெட் வால்வு வெள்ளை பிளாஸ்டிக், அதன் இடுப்பில் ஒரு ரிங், கீழ்முகத்தில் சிலிண்டர் வாயோடு பொருந்துகிற ரப்பர். இடுப்பு ரிங்கில் ஒரு இடத்தில் எறும்பு கடித்த மாதிரிச் சின்னப் பள்ளம். அவ்வளவுதான், அதன் வழியாகத்தான் காலையிலிருந்து கரண்ட் செலவழித்து அடைத்த காற்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

மூக்குப் பக்கமிருந்து பிளேடை ஒரு மரக்குச்சியால் மேலே தள்ளினேன், பிஸ்டன் வழுக்கிக்கொண்டு வந்து கையில் விழுந்தது. அப்படி விழுந்ததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல ரிங் இருந்தால் பிஸ்டனைக் கட்டைவிரலால் அழுத்தித்தான் தள்ள வேண்டும், ஒரு மெல்லிய பிடிமானம் இருக்கும். பிஸ்டன் ரிங்கை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையை இங்கே கொண்டுபோகவே கூடாது, ரிங் உட்காருகிற பள்ளமான காடியின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் எத்தனை புது ரிங் போட்டாலும் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தோம். குறுக்குவாட்டில் உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர், வெளிப்பக்கம் தேய்ந்து தட்டையாகிப் பாதிப் பயறு மாதிரி ஆகியிருந்தது. தட்டையான பக்கம் பளபளவென்று, மறுபக்கம் மங்கலாக. தம்பி அதை நீட்டிப் பார்த்தான், விட்டதும் சுருங்காமல் நீண்டபடியே கொஞ்ச நேரம் கிடந்தது.

இங்கேதான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள், நானும் முதல் முறை செய்தேன். பழைய ரிங்கைக் கொண்டுபோய்க் கடையில் காட்டி, "இதே மாதிரி கொடுங்க" என்று கேட்பது. பழைய ரிங் தேய்ந்துவிட்டது, அதன் அளவு இப்போது அதன் அளவே இல்லை. அளக்க வேண்டியது ரிங்கை அல்ல, அது உட்காருகிற காடியையும் சிலிண்டரின் உள்விட்டத்தையும். தச்சு வேலையில் காடியின் ஆழம் தெரியாமல் பலகையைச் சீவுவோமா?

எங்கள் கன்னில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தபோது சிலிண்டர் உள்விட்டம் 25 மி.மீ., பிஸ்டன் காடியின் அடிவிட்டம் 20.5. வித்தியாசம் 4.5, அது இரண்டு பக்கமும் சேர்ந்தது, அதனால் பாதி 2.25. ரிங் உட்கார இருக்கிற இடம் அவ்வளவுதான். 2.5 மி.மீ. தடிமன் ரிங் போட்டால் கால் மில்லி நசுங்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஓடுகிற ரிங்குக்கு இந்த 10 முதல் 15 சதவீத நசுக்கல்தான் சரி. அசையாமல் ஓரிடத்தில் உட்காருகிற ரிங் என்றால் 20, 25 சதவீதம்கூடத் தாங்கும். பழைய ரிங்கை அளந்தால் 2.2 இருந்தது. இடம் 2.25, ரப்பர் 2.2. சிலிண்டர் சுவரை அது தொடவே இல்லை! பின் ஏன் அரை மில்லி வெளியே நின்றது என்பதற்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

தடிமனாகப் போட்டால் இன்னும் நன்றாக அடைக்குமே என்று தோன்றும். 3 மி.மீ. ரிங்கை அதே காடியில் போட்டுக் கணக்குப் பாருங்கள், முக்கால் மில்லி, நாலில் ஒரு பங்கு நசுங்குகிறது. காற்று கசியாதுதான், ஆனால் பிஸ்டன் உரசி உரசிச் சூடேறி, அடி மந்தமாகி, மேலே ஏறவும் முடியாமல் பாதியில் நிற்கும், ரிங்கும் சில நாளில் பிய்ந்துவிடும். ரிங்கின் உள்விட்டத்தைக் காடியின் அடிவிட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக எடுக்க வேண்டும், 20.5 காடிக்கு 20 மி.மீ. ரிங், லேசாக இழுபட்டு இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். ரொம்ப இழுத்தால் ரப்பர் மெலிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த மாதிரி உருண்டை ரப்பர் வளையத்துக்கு ஓ ரிங் என்று பேர், அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1937-ல் விண்ணப்பித்தார், 1939-ல் கிடைத்தது. விண்ணப்பித்தபோது வயது 70-ஐத் தாண்டிவிட்டது. அவருக்கு முன்னாலும் ரப்பர் வளையங்கள் இருந்தன, அவர் கண்டுபிடித்ததில் பெரிய விஷயம் வளையமும் காடியும் ஒன்றுக்கொன்று எந்த அளவில் இருக்க வேண்டும் என்பது. காற்று ஒரு பக்கமிருந்து தள்ளும்போது ரிங் காடியின் மறுபக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு, தள்ளத் தள்ள இன்னும் இறுக்கமாக இடைவெளியை அடைக்கும். அதற்குக் காடியில் ரிங்கைவிடக் கொஞ்சம் அகலம் இருந்தே ஆக வேண்டும். ரிங் போட்டபின் பக்கவாட்டில் இடம் தெரிகிறதே என்று சிலர் இரண்டு ரிங் போட்டு நிரப்புகிறார்கள், அந்த வெற்றிடம் வீண் இல்லை.

அளவு சரி, அடுத்து ரப்பர் என்ன ரப்பர் என்பது. போன வருஷம் அவசரத்துக்குத் தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கிற கடையில் அளவு பொருந்துகிற ஒரு கறுப்பு ரிங் கிடைத்தது, போட்டேன், அன்று அருமையாக அடித்தது. மூன்றாம் நாள் பிஸ்டன் பாதியில் சிக்கி நின்றது. பிரித்துப் பார்த்தால் ரிங் ஊதிப்போய்க் காடியை விட்டு வெளியே பிதுங்கி நிற்கிறது. தண்ணீர் வேலைக்குப் போடுகிற ரிங்குகளில் பல இ.பி.டி.எம். ரப்பர், தண்ணீரையும் வெயிலையும் நன்றாகத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊதிவிடும். கன்னுக்கு வேண்டியது நைட்ரைல், கடையில் என்.பி.ஆர். என்று கேட்க வேண்டும். இரண்டும் கறுப்பு, பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் ஒரு பழைய மூடியில் கன்னுக்கு விடுகிற எண்ணெயை ஊற்றி ரிங்கை இரண்டு நாள் ஊறவைத்து, முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து பாருங்கள். நான் அப்படி இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், நைட்ரைல் போட்டபடியே இருந்தது, மற்றது அளக்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது.

இந்த முறை பிராட்வே பக்கம் ஆயில் சீலும் ரிங்கும் மட்டுமே விற்கிற கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர், சுவர் முழுக்க ஆணியில் கொத்துக் கொத்தாக ரிங் தொங்கும். "20-க்கு 2.5, என்.பி.ஆர்., 70 ஷோர் வேணும் ஐயா" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "அளந்துட்டு வந்தீங்களா?" "ஆமாங்க ஐயா, காடிய அளந்தேன்." "நல்லது தம்பி. முக்கால்வாசிப் பேரு பிஞ்சதக் கொண்டாந்து நீட்டுறாங்க, நான் என்னத்தக் குடுக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு ரிங்கை எடுத்து விரலில் மடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார். ரப்பர் வெயிலில், காற்றில் கிடந்தே பழசாகிவிடும், நீங்களும் வாங்கும்போது மடித்துப் பாருங்கள். 70 ஷோர் என்பது ரப்பரின் கடினத்தன்மை அளவு, பொதுவாகக் கிடைப்பது அதுதான். ஹெட் வால்வுக்கும் ட்ரிகருக்கும் சேர்த்து ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்கினேன், நூறு ரூபாய்க்குள் முடிந்தது. உங்கள் கன் கம்பெனி கன் என்றால் ரிங் கிட் தனியாக விற்கிறார்கள், அதையே வாங்கிவிடுவது நல்லது. எங்களுடையது பேரில்லாத கன், இப்படி அளந்து தேடுவதுதான் வழி. பல அளவு ரிங்குகள் அடுக்கிய டப்பா ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, ட்ரிகர் போல அதிகம் ஓடாத இடத்துக்கு அது பரவாயில்லை, பிஸ்டனுக்கு நான் போட மாட்டேன்.

மாட்டுவதற்கு முன்னால் சுத்தம். பனியன் வேஸ்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுச் சிலிண்டர் உட்சுவரைத் துடைத்தேன், முதல் துணி கறுப்பாக வந்தது, நாலாவது துணி வெள்ளையாகத் திரும்பியது. காடிகளைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துடைத்தால் உள்ளே ஒட்டியிருக்கிற ரப்பர் பொடி வந்துவிடும். தின்னர், பெட்ரோல் எதுவும் தொடக் கூடாது. சிலிண்டர் சுவரை விரல் நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள், நகம் எங்கும் தட்டக் கூடாது. பம்பரையும் அழுத்திப் பார்த்தேன், ரப்பர் இன்னும் துள்ளுகிறது, ஓரம் உதிரவில்லை, விட்டுவிட்டேன்.

புது ரிங்கை விரலில் லேசாக எண்ணெய் தடவி உருட்டி ஏற்றினேன். ஏற்றியபின் சுற்றிலும் ஒரு முறை விரலை ஓட்டி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், முறுக்கிய ரிங் சுருள் சுருளாக அறுந்துபோகும். சிலிகான் கிரீஸ் இருந்தால் நைட்ரைலுக்குத் தாராளமாகப் போடலாம், மெல்லிசாக, பளபளப்புத் தெரிகிற அளவுக்கு. பிஸ்டனைச் சிலிண்டர் வாயில் வைத்து லேசாக ஆட்டியபடி உள்ளே விட வேண்டும், ஓங்கித் தள்ளினால் வாய் விளிம்பு ரிங்கைச் சீவிவிடும். இந்த இடத்தில் தம்பியிடம் கொடுத்தேன். கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினான், முதலில் போகவில்லை, அப்புறம் ரப்பர் நசுங்குவது தெரிந்தது, பிஸ்டன் ஒரே சீராக உள்ளே இறங்கியது. "இப்ப பிடிக்குது அண்ணே" என்றான். அந்தப் பிடிமானத்தை ஒரு முறை கையால் உணர்ந்தவனுக்கு அடுத்த கன்னைத் தனியாகப் பிரிக்கப் பயம் இருக்காது.

மூடியை வைத்து நான்கு போல்டையும் எதிரெதிராக இறுக்கினோம். முதலில் 40 பி.எஸ்.ஐ. மட்டும் வைத்து டியூபை மாட்டினேன், சத்தம் இல்லை. நுரை தடவினேன், குமிழ் இல்லை. பழைய பலகையில் காலியாக இல்லாமல் பின் போட்டே அடித்தோம், வெறுமனே அடித்தால் பம்பர் சீக்கிரம் போகும். 40-ல் பாதிதான் இறங்கியது, அது எதிர்பார்த்ததுதான். 90-க்கு ஏற்றியதும் டப் என்று ஒரே அடி, தலை பலகைக்குள் ஒரு மில்லி போய்விட்டது, நான் 80-க்குக் குறைக்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் தேய்ந்த ரிங்குக்காக அழுத்தத்தை ஏற்றி ஏற்றி வைத்து ஓட்டியிருக்கிறோம். நூறு பின் அடித்தபின் போல்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கினேன்.

ரிங் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம், எண்ணெய் இல்லாதது, தண்ணீர் இருப்பது. காலையில் வேலை தொடங்கும்போது டியூப் மாட்டுகிற வாயில் இரண்டு, மூன்று சொட்டு ஏர் டூல் எண்ணெய் போதும். கிடைக்காத நாளில் தையல் மெஷின் எண்ணெய் விட்டுச் சமாளித்திருக்கிறேன். வண்டி என்ஜின் ஆயில் வேண்டாம், அதில் கலந்திருக்கிற அழுக்கு நீக்கிகள் ரப்பருக்கு ஆகாது. துருவை இளக்குகிற ஸ்ப்ரே இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நாளானால் பிசினாக ஒட்டிக்கொள்ளும், மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் கன்னுக்குள் மட்டும் உறையாமல் இருக்குமா?

தண்ணீர் விஷயத்தைச் சென்னையில் இருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு சாதாரண நாளில் 24 கிராம் இருக்கும் என்று வையுங்கள். அப்படி 8 கன மீட்டர் காற்றை கம்ப்ரசர் 7 பார் (சுமார் 100 பி.எஸ்.ஐ.) அழுத்தத்தில் ஒரே ஒரு கன மீட்டராகச் சுருக்குகிறது, உள்ளே போன நீர் 192 கிராம், ஆறியபின் காற்று தாங்குவது 30. மிச்சம் 160 கிராமுக்கு மேல் தண்ணீராக டாங்க் அடியில் நிற்கும், ஒரு பகுதி டியூப் வழியாகக் கன்னுக்குள் வந்து எண்ணெயைக் கழுவிவிட்டுத் துருவை விட்டுச் செல்லும், அந்தத் துருப்பொடி உப்புத்தாள் மாதிரி ரிங்கைத் தேய்க்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் டாங்க் அடியில் இருக்கிற குழாயைத் திறந்துவிடுங்கள், காவித் தண்ணீர் வருவதைப் பார்த்தால் அப்புறம் ஒரு நாளும் மறக்க மாட்டீர்கள். இன்னொன்று, கன்னில் டியூப் மாட்டுகிற நிப்பிளுக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், பிய்கிற டேப் துணுக்கு நேராக ட்ரிகர் வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புதன்கிழமை மத்தியானம் பின்பலகை முடிந்தது. மிச்சமிருந்த ரிங்குகளை ஒரு காகிதத்தில் மடித்து, வெயில் படாத டிராயரில் வைத்தோம். தம்பி டிராயரின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்: பெரிய கன், பிஸ்டன் 20 × 2.5, காடி 20.5, சிலிண்டர் 25, என்.பி.ஆர். கீழே தேதியும் போட்டிருக்கிறான். அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் விட்டிருக்கிறான், இரும்புக் கடையிலிருந்து வந்த கன்னை ஞாயிற்றுக்கிழமை அவனே பிரிக்கப் போகிறானாம்.